போட்டிப் பிஸ்டலுக்கு ஏற்ற டிரிகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

போட்டிக்கான பிஸ்டலை முதன்முறையாகக் கையில் எடுக்கும் பலர், டிரிகரை இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, லேசாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மேசை ஓரத்தில் நின்று, எதையும் குறிபார்க்காமல் இழுக்கும்போது விரலுக்கு இதமாகத் தோன்றுகிற டிரிகர், அறுபது முறை சுட வேண்டிய போட்டியின் கடைசிக் கால் மணி நேரத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. டிரிகர் விடுபடும் கணத்தில், குழல் முனையில் குறிபார்க்க உதவும் முன் சைட் இருந்த இடத்திலேயே நின்றதா என்பதுதான் பார்க்க வேண்டிய ஒன்று. விரல் சொல்வதைவிடக் கண் காண்பதை நம்பித் தேர்ந்தெடுப்பவர்களே பல ஆண்டுகள் மாற்றத் தேவைப்படாத அமைப்பைப் பெறுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கோணத்திலிருந்தே எழுதப்படுகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிட்டால் இது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பது புரிந்துவிடும். ஏர் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை 330 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின் சைட்டின் பிளவுக்குள் முன் சைட் 1 மி.மீ. விலகினால், 10 மீட்டர் தொலைவில் பெல்லட் என்னும் சிறு குண்டு ஏறத்தாழ 30 மி.மீ. விலகிப் படும். அந்த இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., அதற்கு வெளியே உள்ள ஒவ்வொரு வளையத்தின் அகலமும் 8 மி.மீ. ஆகவே 1 மி.மீ. விலகல் கிட்டத்தட்ட நான்கு புள்ளிகளைப் பறித்துவிடும். முடியளவு அசைவு என்று நாம் சொல்லும் 0.1 மி.மீ. விலகலே 3 மி.மீ. ஆக வளர்கிறது. இதோடு எடைகளையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான போட்டி ஏர் பிஸ்டல்கள் ஒரு கிலோவை ஒட்டிய எடை கொண்டவை. அதை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் எடையில் பாதி அளவுக்கு ஒரு விரலால் இழுக்க வேண்டியிருக்கிறது. 25 மீட்டர் போட்டிகளில் பிஸ்டலின் எடையை நெருங்கும் அளவுக்கே டிரிகரை இழுக்க வேண்டும். அந்த இழுப்பு சற்றே கோணலாகப் போனாலும், தயங்கித் தயங்கிப் போனாலும், முடிவில் திடீரென்று வெட்டிப் போனாலும் அதன் விளைவு சைட்டில் தெரிந்தே தீரும்.

விதி அனுமதிப்பது எவ்வளவு

தேர்வு தொடங்குவது விதிப் புத்தகத்திலிருந்து. சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிகளின்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். 25 மீட்டர் போட்டிகளுக்கான பிஸ்டல்களில் அது 1000 கிராம். 50 மீட்டர் பிஸ்டலுக்கு மட்டும் எடை வரம்பு எதுவும் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்ற அந்தப் போட்டியில், விரல் பட்டாலே விடுபடுகிற செட் டிரிகரும் அனுமதிக்கப்பட்டது. 10 மீட்டரிலும் 25 மீட்டரிலும் செட் டிரிகருக்கு இடமில்லை. வேறு அமைப்புகள் நடத்தும் போட்டிகளில், குறிப்பாக ஓடி நகர்ந்து சுடும் வேகப் போட்டிகளில், பிரிவுக்குப் பிரிவு வரம்பு மாறும். ஆகவே உங்கள் போட்டியின் நடப்பு விதியைப் படித்த பிறகே டிரிகரைச் சரிசெய்யும் திருகாணியில் கை வையுங்கள்.

சோதனை நடக்கும் முறையையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். குழல் செங்குத்தாக இருக்கும்படி பிஸ்டலைப் பிடித்து, சமதளத்தில் வைக்கப்பட்ட எடைக்கல்லை டிரிகரின் நடுப்பகுதிக்கு அருகில் மாட்டி, தரையிலிருந்து மேலே தூக்க வேண்டும். மூன்று முயற்சிகள் வரை கிடைக்கும். எடை தூக்கப்படுவதற்குள் டிரிகர் விடுபட்டுவிட்டால் அந்த அமைப்பு செல்லாது. இதில் 'நடுப்பகுதி' என்பது முக்கியம். டிரிகர் மேலே ஓர் அச்சில் தொங்கும் நெம்புகோல் என்பதால், அச்சிலிருந்து தள்ளிப் போகப் போகத் தேவைப்படும் இழுப்பு குறையும். அச்சிலிருந்து 25 மி.மீ. கீழே 500 கிராம் தேவைப்படும் டிரிகருக்கு, 30 மி.மீ. கீழே ஏறத்தாழ 417 கிராம் போதும். எடைச் சோதனையில் ஒரே மாதிரி தேறிய இரண்டு பிஸ்டல்கள் இருவர் கையில் வேறுவேறு கனமாகத் தெரிவதற்கு, விரல் வைக்கும் உயரமும் ஒரு காரணம்.

வரம்பின் விளிம்பிலேயே டிரிகரை வைக்காதீர்கள். 500 கிராமுக்கு 515 அல்லது 520, 1000 கிராமுக்கு 1020 அல்லது 1030 என்று சிறிது கூடுதலாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் தேய்மானமும் அந்தச் சில கிராம்களைத் தின்றுவிடக்கூடியவை. சோதனை மேசையில் எடைக்கல் தரையை விட்டு எழும் முன்பே டிரிகர் விடுபட்டுவிட்டால், போட்டி நாள் காலையில் அவசரமாகத் திருகாணியைத் திருப்ப நேரும். பல மாதம் பழகிய டிரிகர் அந்தக் காலையில் அந்நியமாகிவிடும். 15 கிராம் கூடுதல் கனத்தை எந்த விரலும் இரண்டே நாளில் பழகிக்கொள்ளும்.

ஓர் இழுப்புக்குள் நடப்பவை

டிரிகர் உணர்வு என்று நாம் மொத்தமாகச் சொல்வது உண்மையில் பல பகுதிகளால் ஆனது. விரல் அழுத்தத் தொடங்கியதும் டிரிகர் சில மில்லிமீட்டர் தாராளமாகப் பின்னோக்கி வருகிறது. இது முதல் கட்டம். பிறகு ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. அந்த இடத்தை 'முட்டு' என்போம். அதைத் தாண்ட இன்னும் கொஞ்சம் அழுத்தம் கூட்ட வேண்டும். இது இரண்டாம் கட்டம். அந்த அழுத்தத்தில் சியர் என்னும் உள்கொக்கி நழுவி, சுத்தியலையோ அடிகம்பியையோ விடுவிக்கிறது. விடுபட்ட பிறகும் டிரிகர் பின்னோக்கி நகர்ந்தால் அது ஓவர்டிராவல். அரைத் தானியங்கிப் பிஸ்டல்களில் அடுத்த குண்டுக்காக டிரிகர் முன்னோக்கித் திரும்பி மறுபடி பற்றிக்கொள்ளும் இடம் ரீசெட்.

இவற்றில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையிலான பங்கீட்டை. மொத்தம் 520 கிராம் என்ற ஒரே எண்ணுக்குள் முற்றிலும் வேறான டிரிகர்கள் ஒளிந்திருக்க முடியும். முதல் கட்டத்தில் 400, முட்டுக்குப் பிறகு 120 என்று வைத்தால், முட்டில் நிற்கும்போதே வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும்; எஞ்சியது மெல்லிய தூண்டல்தான். 250, 270 என்று வைத்தால், முட்டு ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். ஆனால் கடைசி அழுத்தம் விரலுக்குப் பெரிய வேலையாக இருக்கும். முதல் அமைப்பு குறிபார்க்கும் நேரத்தில் விரலுக்கு மிகக் குறைந்த வேலையைத் தருகிறது என்பதால் ஏர் பிஸ்டலில் பலருக்கும் அது பொருந்துகிறது. ஆனால் இரண்டாம் கட்டம் 80 கிராமுக்கும் கீழே போகுமானால், பதற்றத்தில் முட்டு எங்கே இருக்கிறது என்பதே விரலுக்குத் தெரியாமல், முதல் கட்டத்தை எடுக்கும் வேகத்திலேயே பெல்லட் பறந்துவிடும் ஆபத்து உண்டு. பங்கீட்டை அளக்க ஸ்பிரிங் தராசு அல்லது டிஜிட்டல் டிரிகர் அளவி போதும். முட்டு வரை மெல்ல இழுத்து அங்கே காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு விடுபடும் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் இரண்டாம் கட்டத்தின் எடை கிடைத்துவிடும்.

அடுத்தது இரண்டாம் கட்டத்தின் குணம். ஒரு வகை டிரிகர், முட்டில் அசையாமல் நின்று, போதிய அழுத்தம் சேர்ந்ததும் எந்த முன்னறிவிப்பும் இன்றிச் சடக்கென விடுபடும். இன்னொரு வகையில் முட்டுக்குப் பிறகும் டிரிகர் வழவழப்பாக ஒரு சிறு தூரம் நகர்ந்துகொண்டே போய், அந்த நகர்வின் நடுவில் எங்கோ விடுபடும். வீரர்கள் இதை ரோல் என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், முட்டுக்குப் பிறகு கரகரவென்று விட்டுவிட்டு நகரும் டிரிகரும் உண்டு. அது குணமல்ல, குறை. சியர் பரப்பு சொரசொரப்பாகவோ அழுக்காகவோ இருப்பதன் அடையாளம். அதை ரோல் என்று எண்ணிப் பழகிக்கொள்ள வேண்டாம், ஆயுதப் பழுதுநரிடம் காட்டுங்கள்.

சடக்கென விடுபடுவது நல்லதா, ரோல் நல்லதா என்பது வெகுநாளைய விவாதம். என் கருத்தில், பிஸ்டலைப் புதிதாகக் கற்றுக்கொள்பவர் தெளிவான முட்டுடைய இரண்டு கட்ட டிரிகரிலிருந்தே தொடங்க வேண்டும். விரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறது, தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்கவும் முடிகிறது. ஆனால் சில ஆண்டுகள் சுட்ட பிறகு சிலருக்கு ஒரு தொல்லை வந்து சேரும். முட்டு வரை விரல் போய்விடும், சைட்டும் சரியாக நிற்கும், ஆனால் அந்தக் கடைசி அழுத்தத்தைக் கொடுக்க விரல் மறுத்துவிடும். இப்போது சுட வேண்டும் என்ற கட்டளையும், இன்னும் கொஞ்சம் நன்றாகட்டும் என்ற ஆசையும் முட்டின் மேல் மோதிக்கொள்ளும் நிலை அது. அப்படிப்பட்டவருக்கு ரோல் பெரும் விடுதலையைத் தருகிறது. நின்று யோசிக்க ஓரிடம் இல்லாததால் விரல் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

ஓவர்டிராவலைச் சிறிய விஷயமாக நினைத்துவிடக் கூடாது. சியர் விடுபட்ட பிறகு பெல்லட் குழலை விட்டு வெளியேறச் சில மில்லி விநாடிகள் ஆகின்றன. அந்த நேரத்தில் எதிர்ப்பு திடீரென்று மறைந்துபோன விரல் பின்னோக்கிப் பாய்ந்து, டிரிகரின் நகர்வைத் தடுக்கும் 'நிறுத்தி'யில் இடித்தால், பிஸ்டல் அதிரும். நிறுத்தித் திருகாணியைச் சரியாக வைத்தால், விடுபட்டதும் டிரிகர் மிகக் குறைந்த தூரமே நகர்ந்து நிற்கும். ஆனால் அதை முழுவதுமாக மூடிவிடவும் கூடாது. சியர் சரியாக விடுபட இடமின்றி ஒவ்வொரு முறையும் வேறுவேறு கனத்தில் டிரிகர் நடந்துகொள்ளும். விடுபடும் புள்ளியைத் தாண்டி ஒரு சிறு இடைவெளி இருக்கட்டும். ரோல் விரும்புகிறவர்களில் சிலர் ஓவர்டிராவலையும் சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய விரல் விடுபடுதலுக்குப் பிறகும் ஒரே சீராக நகர்ந்து முடிகிறது.

போட்டி தரும் நேரம்

எந்த டிரிகர் என்ற கேள்விக்குப் பாதி விடையைப் போட்டியின் கடிகாரமே சொல்லிவிடும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 60 முறை சுட 75 நிமிடம் இருக்கிறது. கையை உயர்த்தி, முதல் கட்டத்தை எடுத்து, சைட் அமைதியாகும் வரை பொறுத்து, மனம் ஒப்பவில்லை என்றால் கையை இறக்கி மறுபடி தொடங்கும் வசதி அங்கே உண்டு. ஆகவே நீளம் குறைந்த முதல் கட்டமும் தெளிவான முட்டும் உள்ள டிரிகர் அங்கே நன்றாகப் பொருந்தும்.

25 மீட்டர் பிஸ்டலின் வேகச் சுற்றில் நிலைமையே வேறு. செங்குத்திலிருந்து 45 டிகிரிக்கு மிகாமல் கையைத் தாழ்த்திக் காத்திருந்து, பச்சை விளக்கு எரிந்ததும் உயர்த்தி, 3 விநாடிக்குள் ஒரு குண்டைச் சுட வேண்டும். பிறகு 7 விநாடி இடைவெளி. இப்படி ஐந்து முறை. அங்கே முட்டில் நின்று விரல் யோசித்துக்கொண்டிருந்தால் விளக்கு மாறிவிடும். கை உயரும்போதே முதல் கட்டத்தின் பாரத்தை விரல் எடுத்துக்கொண்டு, சைட் இலக்கின் நடுப்பகுதிக்குள் நுழைந்து நிற்கும்போது எஞ்சிய சிறு பாரத்தைத் தடையின்றித் தொடர்ந்து கொடுக்க வேண்டும். 1000 கிராமில் 700 முதல் 800 வரை முதல் கட்டத்துக்குக் கொடுத்து, இரண்டாம் கட்டத்தை மென்மையாகவும் சற்று நகர்வுடனும் வைப்பது இதற்கு உதவும். ஆனால் இதே பிஸ்டலால்தான் 5 நிமிடத்துக்கு 5 குண்டு என்ற துல்லியச் சுற்றையும் சுட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. வேகச் சுற்றுக்கென்றே அதிக நகர்வை வைத்துவிட்டு, துல்லியச் சுற்றில் எப்போது விடுபடும் என்று தவிப்பவர்கள் உண்டு. சுற்றுக்குச் சுற்று அமைப்பை மாற்றுவதைவிட, இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அமைப்பைப் பிடித்து அதிலேயே ஊறிவிடுவதை நான் பரிந்துரைப்பேன்.

ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து குண்டுகளை 8 விநாடி, 6 விநாடி, 4 விநாடித் தொடர்களில் சுடுவதால் ரீசெட்டுக்கு முக்கியத்துவம் வந்துவிடுகிறது. டிரிகர் முன்னோக்கித் திரும்பும் தூரம் நீளமாக இருந்தால் 4 விநாடித் தொடரில் விரல் பின்தங்கும். பதற்றத்தில் விரலை முழுமையாக விடாமலே அடுத்ததை இழுத்தால், டிரிகர் செத்துப்போனது போல் நிற்கும். இங்கே சடக்கென விடுபடும் டிரிகரைவிட, தாளம் தப்பாமல் உருண்டு வரும் டிரிகரே பெரும்பாலும் கைகொடுக்கிறது.

முதலில் கிரிப், பிறகு விரல், அதன் பிறகுதான் திருகாணி

டிரிகர் சரியில்லை என்று வருபவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் சரியில்லாமல் இருப்பது கிரிப் என்னும் கைப்பிடிதான். கிரிப் உள்ளங்கையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரவில்லை என்றால், விரலும் ஒவ்வொரு முறை வேறொரு கோணத்தில் டிரிகரைச் சந்திக்கும். எந்தத் திருகாணியாலும் அதைத் திருத்த முடியாது. ஆகவே கிரிப்பை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு விரல் படும் தகடான டிரிகர் பிளேடை முன்பின்னாக நகர்த்தி, ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு மேலுள்ள சதைப்பற்றின் நடுப்பகுதி அதன் மேல் படும்படி வையுங்கள். முட்டில் நிற்கும்போது விரலின் நடு எலும்பு குழலுக்கு ஏறத்தாழ இணையாகவும், கடைசி எலும்பு குழலுக்குச் செங்குத்தாகவும் இருக்கட்டும். விரலின் உட்பக்கம் பிஸ்டலின் உடலையோ கிரிப்பையோ தொடக் கூடாது. நடுவே ஒரு காகிதம் தடையின்றி நுழைய வேண்டும்.

கோணத்தின் விலை என்ன என்று பாருங்கள். 500 கிராம் இழுப்பு குழலின் திசையிலிருந்து பத்து டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தால், அதில் சுமார் 87 கிராம் பிஸ்டலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முட்டில் நிற்கும் வரை கை அதைச் சமாளித்துக்கொள்ளும், சைட்டும் நேராகவே தெரியும். விடுபடும் கணத்தில் அந்தச் சமநிலை குலைந்து முன் சைட் ஒரு பக்கம் துள்ளும். பிளேடைச் சுழற்றவோ சாய்க்கவோ வசதியுள்ள பிஸ்டலாக இருந்தால், விரல் இயல்பாக அழுத்தும் திசைக்குப் பிளேடின் முகம் நேராக இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். சரியாக அமைந்துவிட்டதா என்பதற்கு எளிய சாட்சி ஒன்று உண்டு. முட்டில் சற்று நேரம் அழுத்தி நின்றுவிட்டு விரலை எடுத்துப் பார்த்தால், சதைப்பற்றில் பிளேடின் தடம் சிவந்து பதிந்திருக்கும். இரண்டு ஓரங்களும் ஒரே ஆழத்தில் தெரிந்தால் பிளேடு நேராகப் படுகிறது. ஓர் ஓரம் மட்டும் ஆழ்ந்து பதிந்திருந்தால் அந்தப் பக்கம் விரல் சாய்ந்து அழுத்துகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

முதலில் பாதுகாப்பு. பிஸ்டலில் பெல்லட்டோ தோட்டாவோ இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள், தோட்டாக்களை நீங்கள் இருக்கும் அறையிலிருந்தே அகற்றுங்கள், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வையுங்கள். போட்டி ஏர் பிஸ்டல்களில் பெரும்பாலும் டிரை ஃபயருக்கென்று, அதாவது குண்டின்றிச் சொடுக்கிப் பழகுவதற்கென்று, தனி நிலை இருக்கும். .22 பிஸ்டல்களில் குழலின் தோட்டா அறைக்குள் போலித் தோட்டா இல்லாமல் டிரை ஃபயர் செய்தால் அடிஊசி அந்தத் தோட்டா அறையின் விளிம்பில் மோதி இரண்டுமே கெடக்கூடும். உங்கள் பிஸ்டலின் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய அமைப்பை எழுதி வையுங்கள். மொத்த எடை, முதல் கட்ட எடை, ஒவ்வொரு திருகாணியும் முழுதாக இறுகிய நிலையிலிருந்து எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்ற எல்லாவற்றையும் குறித்தால், எங்கே தொலைந்தாலும் வீட்டுக்கு வழி இருக்கும். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகாணியை, அதுவும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறியவே முடியாது.

முதல் சோதனையை இலக்கு இல்லாத வெறும் வெள்ளைச் சுவரை நோக்கிச் செய்யுங்கள். குறிபார்க்க எதுவும் இல்லாதபோது கண் முழுவதும் சைட்டிலேயே தங்கும். டிரிகர் விடுபடும் கணத்தில் முன் சைட்டின் மேல்விளிம்பும் அதன் இருபக்க வெளிச்சக் கோடுகளும் என்ன ஆகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். அமைப்பு பொருந்தியிருந்தால் சொடுக்கும் ஒலி கேட்கும், படம் அப்படியே நிற்கும். பொருந்தவில்லை என்றால் முன் சைட் ஒரு பக்க வெளிச்சக் கோட்டை நெருக்கும், அல்லது சற்றே தாழும். ஒரே திசையில் திரும்பத் திரும்ப வரும் துள்ளல் விரலின் இடத்தையும் கோணத்தையும் பற்றியது. திசை மாறி மாறி வரும் துள்ளல் பெரும்பாலும் எடைப் பங்கீட்டையோ ஓவர்டிராவலையோ பற்றியது.

அடுத்து உண்மையான சுடுதல். இரண்டு அமைப்புகளை ஒப்பிடும்போது முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று முடித்துவிட்டால், இரண்டாவதற்குக் களைப்போ பழக்கமோ சேர்ந்துவிடும். அ, ஆ, ஆ, அ என்ற வரிசையில் பத்துப் பத்துக் குண்டுகளாகச் சுடுவது நியாயமான முறை. இயலுமானால் அமைப்பை மாற்றும் வேலையைப் பயிற்சியாளரிடம் கொடுத்து, எது என்று சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்த மாற்றம் நன்றாகத்தான் இருக்கும் என்று நம் மனம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது, அந்த ஆசையை விலக்கி வைக்க இதுவே வழி. புள்ளிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். துளைகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன, எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போயின என்று பாருங்கள். வலது கையால் சுடுபவருக்குத் துளைகள் இடது பக்கம் கீழ்நோக்கி நீண்டால், விடுபடும் கணத்தில் விரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். டிரிகரின் கடைசி அழுத்தம் அவருக்கு அதிகமாக இருக்கக்கூடும்.

துளைகளைவிடவும் நான் அதிகம் மதிப்பது வேறு இரண்டு குறிப்புகளை. ஒன்று, சுடாமலே கையை இறக்கிய தடவைகளின் எண்ணிக்கை. ஓர் அமைப்பில் அது கூடுகிறது என்றால், புள்ளிகள் நன்றாக இருந்தாலும் அந்த டிரிகர் விரலைத் தயங்கவைக்கிறது என்று அர்த்தம். மற்றொன்று, சைட் அமைதியானதிலிருந்து டிரிகர் விடுபடும் வரை ஆகும் நேரம். அது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் டிரிகர் உங்களுக்குப் பொருந்திவிட்டது. ஒரு முறை மூன்று விநாடி, அடுத்த முறை பன்னிரண்டு விநாடி என்று அலைந்தால், எவ்வளவு இதமாக இருந்தாலும் அந்த அமைப்பைக் கைவிடுங்கள். குறிபார்க்கும் புள்ளி நகரும் தடத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்காட் போன்ற பயிற்சிக் கருவி கிடைக்குமானால், விடுபடுவதற்கு முந்தைய கடைசிக் கால் விநாடியில் கோடு எப்படிப் போகிறது என்பதிலும் இதையே தெளிவாகக் காணலாம்.

இந்தச் சோதனைகளை ஓய்வான விரலோடு மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நாற்பது, ஐம்பது குண்டுகள் சுட்ட பிறகும், படியேறி இறங்கி நாடித்துடிப்பைக் கூட்டிக்கொண்டும், கை சில்லிட்டிருக்கும் நேரத்திலும் அதே அமைப்பைப் பாருங்கள். பதற்றத்திலும் குளிரிலும் விரல் நுனியின் உணர்வு மங்கிவிடுகிறது. அமைதியில் அருமையாக இருந்த மெல்லிய முட்டு அப்போது காணாமல் போகும். பயிற்சியில் சுலபமாகத் தாண்டிய கடின முட்டு அப்போது மலைபோல் நிற்கும். போட்டி நாளின் விரலுக்கும் பயிற்சி நாளின் விரலுக்கும் ஒத்துவரும் அமைப்பு, இரண்டில் எதற்கும் ஆகச் சிறந்ததாக இல்லாமல் போகலாம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்னணு டிரிகர் வேண்டுமா

மொரினி, பார்டினி போன்ற நிறுவனங்களின் சில பிஸ்டல்களில் மின்னணு டிரிகர் வருகிறது. அங்கே விரல் இழுப்பது ஒரு மின் தொடர்பை இயக்குகிறது. மீதி வேலையை மின்சுற்று செய்கிறது. சியர் பரப்புகள் தேய்ந்து உணர்வு மாறிப்போகும் தொல்லை இல்லை, முதல் கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் மிகச் சீராக அமைக்க முடிகிறது, டிரை ஃபயர் செய்வதும் எளிது. ஆனால் சியர் நழுவுவதை விரலில் உணர்ந்தே பழகியவர்களுக்கு அது சுவையற்றதாகத் தோன்றுவதுண்டு. பேட்டரியையும் மின்தொடர்புகளையும் கவனிக்கும் பொறுப்பும் கூடுதலாக வந்து சேரும். இரண்டு வகையிலும் உலகத் தரத்தில் சுடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதால், மின்னணு என்பதற்காகவே மாறவோ, மின்னணு என்பதற்காகவே ஒதுக்கவோ தேவையில்லை. மேலே சொன்ன அதே சோதனைகளில் எது தேறுகிறது என்று பாருங்கள்.

அமைத்த பிறகு

சியர் பிடிப்பைக் குறைக்கும் திருகாணியைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். டிரிகர் இன்னும் கூர்மையாக விடுபட வேண்டும் என்ற ஆசையில் இந்தப் பிடிப்பை அளவுக்கு மீறிக் குறைத்தால், லேசாகத் தட்டினாலே பிஸ்டல் வெடிக்கலாம். அரைத் தானியங்கிப் பிஸ்டலில் ஒரே இழுப்பில் இரண்டு குண்டுகள் போய்விடலாம். இது உயிருக்கே ஆபத்து, போட்டியிலும் தகுதியிழப்பில் முடியக்கூடியது. கையேடு அனுமதிக்கும் எல்லைக்கு வெளியே அந்தத் திருகாணியைத் தொடாதீர்கள். சியரைத் தேய்த்து மெருகேற்றும் வேலையைப் பயிற்சி பெற்ற ஆயுதப் பழுதுநரைத் தவிர யாரும் செய்யக் கூடாது. எந்த மாற்றத்துக்குப் பிறகும், காலிப் பிஸ்டலைச் சொடுக்கத் தயாரான நிலையில் வைத்து, பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு உள்ளங்கையால் உறுதியாகத் தட்டிப் பாருங்கள். தானாக விடுபட்டால் அந்த அமைப்பில் ஒரு குண்டும் சுடக் கூடாது.

தேர்வு முடிந்ததும் எண்களைக் குறிப்பேட்டில் எழுதி, திருகாணித் தலைகளின் நிலையை ஒரு சிறு வண்ணப் புள்ளியால் அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு சில வாரங்களுக்காவது டிரிகரைத் தொடாமல் இருங்கள். புதிய இழுப்பு விரலில் படியவே அவ்வளவு காலம் ஆகும்; மோசமான ஒரு பயிற்சி நாளைக் காரணமாக்கித் திருகாணியைத் திருப்புபவர், படிந்துகொண்டிருந்ததை மறுபடி கலைத்துவிடுகிறார். பெரிய போட்டிக்கு முந்தைய வாரங்களில் எடைச் சோதனை மட்டுமே செய்யலாம், மாற்றம் வேண்டாம். எடையை மாதத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு போட்டிக்கு முன்பும், பிஸ்டலைப் பிரித்துச் சுத்தம் செய்த பிறகும் போட்டி முறையிலேயே எடைக்கல்லைத் தூக்கிச் சரிபாருங்கள். எண் 10 கிராமுக்கு மேல் நகர்ந்திருந்தால் உடனே திருகாணியைத் தேட வேண்டாம். முதலில் டிரிகர் பகுதியில் தூசியோ உறைந்த எண்ணெயோ இருக்கிறதா என்று பார்த்து, சுத்தம் செய்து, மறுபடி அளந்து, அப்போதும் எண் திரும்பி வரவில்லை என்றால் மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்த நிலைக்குக் கால் சுற்றுக் கால் சுற்றாகக் கொண்டு வாருங்கள்.